ஆயுள் முழுக்கப் பராமரிக்க எவ்வளவு ஆகும்? நான்கு தீர்ப்புகள், நான்கு கணக்குகள்

மருத்துவக் கவனக்குறைவு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். டாக்டர் செய்தது தவறா, எந்த அளவுகோலில் தவறு, இங்கிலாந்தின் 1957-ம் வருட போலம் வழக்கு என்ன சொல்கிறது என்பதெல்லாம் பக்கம் பக்கமாக அலசப்பட்டிருக்கும். கடைசியில் "இழப்பீடு எவ்வளவு?" என்ற கேள்வி வரும்போது ஒன்றிரண்டு பத்தியில் முடிந்துவிடும். பாதிக்கப்பட்ட குடும்பம் அடுத்த நாற்பது, ஐம்பது வருடம் வாழப்போவது அந்த ஒன்றிரண்டு பத்தியை வைத்துத்தான்.

சட்டம் படித்தவர்கள் முதல் பகுதியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் பொறியியல் படித்தவன். அதனால் இந்தக் கடைசிப் பத்திகளை மட்டும் எடுத்து, அதில் உள்ள கூட்டல் பெருக்கலைச் சரிபார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டது நான்கு தீர்ப்புகள்: 1998, 2009, 2015, 2020. இரண்டில் மூளைக் காயம். ஒன்றில் தண்டுவடம். ஒன்றில் விழித்திரை, கருவியல்படி விழித்திரையும் மூளையின் நீட்சிதான். நான்கிலும் பொது அம்சம், பாதிக்கப்பட்டவர் இறக்கவில்லை. நீண்ட காலம் இன்னொருவர் துணையோடு வாழ வேண்டியவராகிவிட்டார்.

மூளைக் காயம் ஏன் தனி ரகம்?

நம் உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்குப் போகிறது. சேமிப்பு என்று எதுவும் கிடையாது. இதயம் நின்று நாலைந்து நிமிடத்தில் செல்கள் சாக ஆரம்பித்துவிடும், செத்தவை திரும்ப முளைப்பதில்லை. மயக்க மருந்து கொடுக்கும்போது, பிரசவத்தில், தவறான ஊசி போட்டபின் என எங்கே ஆக்சிஜன் தடைபட்டாலும் முடிவு ஒன்றுதான். (பிறவி மூளை முடக்குவாதம் எல்லாமே பிரசவத்தில் நடந்த தவறு என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அதற்கு முன்பே, கருவிலேயே இருக்கிறது.)

மரணத்துக்கு இழப்பீடு கணக்கிடுவது, கேட்கக் கொடூரமாக இருந்தாலும், ஒப்பீட்டளவில் எளிது: இறந்தவர் எவ்வளவு சம்பாதித்திருப்பார்? மூளைக் காயத்தில் வருமானம் போவது ஒரு பக்கம் என்றால், செலவு புதிதாகப் பிறப்பது இன்னொரு பக்கம். ஆள் வைக்க வேண்டும், பிசியோதெரபி, குழாய் வழி உணவு, வலிப்பு மாத்திரை, படுக்கைப்புண் வராமல் மணிக்கொருமுறை திருப்பிப் போடுவது. இந்தச் செலவு வருடா வருடம் ஏறும். அப்பா அம்மாவுக்கு வயதாக ஆக இன்னும் ஏறும், ஏனென்றால் இன்று அவர்கள் சம்பளம் இல்லாமல் செய்யும் வேலைக்கு நாளை சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும்.

1998: முழு எண்

டெல்லியின் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனையில் 1993 டிசம்பர் கடைசியில் டைபாய்டுக்காகச் சேர்க்கப்பட்டது ஒரு குழந்தை. நர்ஸ் ஒருவர் குளோரோகுயின் ஊசியை (லாரியாகோ என்பது அதன் கடைப் பெயர்) நரம்பு வழியாக, குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய அளவைவிட மிக அதிகமாகப் போட்டார். குழந்தையின் இதயம் நின்றது. மூளை மீளமுடியாமல் பாதிக்கப்பட்டது. அந்த நர்ஸ் முறையாகத் தகுதி பெற்றவரே இல்லை என்பது விசாரணையில் வெளிவந்தது.

தேசிய நுகர்வோர் ஆணையம் குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோரின் மன வேதனைக்குத் தனியாக 5 லட்சம் என்று தீர்ப்பளித்தது. 1998 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சட்ட வரலாற்றில் இது முக்கியமான தீர்ப்பு. நோயாளியான குழந்தை மட்டுமில்லை, பணம் கட்டிய பெற்றோரும் 'நுகர்வோர்'தான் என்று சொன்னது இதுதான். பெற்றோரின் வேதனைக்குத் தனித் தொகை என்ற கதவும் இங்கே திறந்தது.

கணக்கு? கணக்கு என்று ஒன்று இல்லை. 12.5, 5 எல்லாமே நியாயமாகத் தோன்றும் முழு எண்கள். நாமே போட்டுப் பார்ப்போம். 12.5 லட்சத்தை 10 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் சுமார் 10,400 ரூபாய். அன்றைக்கு நல்ல தொகை. ஆனால் விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் ரூபாயின் மதிப்பு பாதி, 24 வருடத்தில் கால். குழந்தை நடுவயதை எட்டும் முன்பே அந்த 10,400-க்கு அன்றைய 2,600 ரூபாயின் மதிப்புதான் இருக்கும். முதலில் கை வைத்தாலோ அதற்கு முன்பே காலி.

2009: 12 பெருக்கல் 30

ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனை வழக்கு. 1990-ல் இருபது வயது பொறியியல் மாணவர் ஒருவர் மார்பில் கட்டியோடு போகிறார். பயாப்சிக்காக என்று ஒப்புதல் வாங்கிவிட்டுக் கட்டியையே எடுக்கிறார்கள். கட்டி தண்டுவடத்துக்கு அருகில் இருந்தும் நரம்பியல் அறுவை நிபுணர் உடன் இல்லை. மாணவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பிறகு அவர் படிப்பை முடித்து ஐ.டி. துறையில் நல்ல வேலைக்குப் போனார். உச்ச நீதிமன்றத்தில் சக்கர நாற்காலியில் வந்து தன் வழக்கைத் தானே வாதாடினார். தேசிய ஆணையம் 15.5 லட்சம் கொடுத்திருந்தது. 2009 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை 1 கோடியாக்கி, 6 சதவீத வட்டியும் சேர்த்தது.

இங்கே முதல்முறையாக ஓர் உடைத்த கணக்கு தெரிகிறது. ஓட்டுநர்-உதவியாளருக்கு மாதம் 2,000, நர்சிங்குக்கு 4,000, பிசியோதெரபிக்கு 3,000. ஒவ்வொன்றையும் 12-ஆல் பெருக்கி, 30 வருடத்தால் பெருக்கு. மூன்றும் சேர்ந்து 32.4 லட்சம். மீதி மருந்து, வருமான இழப்பு, வலி வேதனை என்ற தலைப்புகளில் மொத்தத் தொகைகள்.

பணவீக்கமே இல்லையே என்று உடனே தோன்றும். ஆனால் வட்டியும் இல்லை என்பதைக் கவனியுங்க. இன்றைக்கே மொத்தப் பணமும் கைக்கு வருகிறது, அது வட்டி சம்பாதிக்கும். வட்டியும் பராமரிப்புச் செலவின் ஏற்றமும் ஒரே வேகத்தில் போனால் இரண்டும் அடிபட்டுப்போய், வெறும் பெருக்கல் சரியான விடையையே தரும். ஆக 2009-ன் கணக்கில் ஒளிந்திருக்கும் அனுமானம் இதுதான்: நிகர வட்டி பூஜ்யம்.

பெருக்கல் முறையைவிட அடிப்படை எண்தான் இங்கே பிரச்சினை. மாதம் 2,000 ரூபாய்க்கு ஓட்டுநராகவும் உதவியாளராகவும் இருக்க 2009-ல் யார் வருவார்கள்?

இன்னொன்றையும் இந்தத் தீர்ப்பு சொன்னது. மோட்டார் விபத்து வழக்குகளில் பயன்படும் 'பெருக்கி எண்' முறையை இந்த மாதிரி வழக்கில் அப்படியே பொருத்த முடியாது என்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க, 2020-ல் தேவைப்படும்.

2015: எழும்பூர் வழக்கும் கூட்டு வட்டிச் சூத்திரமும்

நம்ம ஊர் வழக்கு. 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் நல மருத்துவமனையில் 29-வது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். இப்படிக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரை நோய் வரக்கூடும், குறிப்பிட்ட வாரங்களுக்குள் கண் பரிசோதனை செய்தாக வேண்டும். யாரும் பரிசோதிக்கவில்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போனது.

தேசிய ஆணையம் கொடுத்தது 5 லட்சம். 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை 1.8 கோடிக்கு மேல் உயர்த்தியது: அதுவரை ஆன செலவுக்கு 42,87,921 ரூபாய், இனிவரும் மருத்துவச் செலவுக்கு 1.38 கோடி. பெரும்பகுதியைத் தமிழ்நாடு அரசு தர வேண்டும் என்று உத்தரவு.

நான்கில் எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது, காரணம் இதில்தான் சூத்திரம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதியதால்தான் அதைச் சரிபார்க்கவும் முடிகிறது. 70 வயது வரை வாழ்வார் என்று கொண்டால் இன்னும் 51 வருடம். 1990-91 முதல் 2014-15 வரை சராசரிப் பணவீக்கம் 6.76 சதவீதம் என்று ரிசர்வ் வங்கித் தரவைச் சுட்டிக்காட்டிவிட்டு, "எச்சரிக்கையாக" 1 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது நீதிமன்றம். பிறகு பள்ளியில் படித்த கூட்டு வட்டிச் சூத்திரம்: இன்றைய தொகையை 1.01-ன் 51-வது அடுக்கால் பெருக்கு. விடை 1,37,78,722 ரூபாய் சொச்சம். முழுமையாக்கினால் 1.38 கோடி.

1.01-ன் 51-வது அடுக்கு சுமார் 1.66. பின்னோக்கிப் போனால் ஆரம்பத் தொகை 83 லட்சம், அதாவது வருடத்துக்கு ஏறத்தாழ 1.63 லட்சம் என்ற கணக்கில் 51 வருடத்துக்கு. இப்போது மூன்று கோளாறுகளைப் பாருங்க.

ஒன்று, 83 லட்சமும் 51-வது வருடக் கடைசியில் ஒரே நாளில் செலவாகப் போவதில்லை. அடுத்த வருடச் செலவுக்கு ஒரு வருடப் பணவீக்கம்தான், பத்தாவது வருடச் செலவுக்குப் பத்து வருடம். எல்லாவற்றையும் 51 வருடத்துக்கு ஊதிவிட்டால் விடை அதிகமாகும்.

இரண்டு, டெபாசிட் செய்யும் பணத்துக்கு வட்டி வரும் என்பது சூத்திரத்தில் இல்லை. இதுவும் விடையை அதிகமாக்கும். வேடிக்கை என்னவென்றால், 1.3 கோடியைக் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாகப் போடச் சொல்லும்போது வருடம் சுமார் 9.75 லட்சம் வட்டி வரும் என்று தீர்ப்பே குறிப்பிடுகிறது. அது 7.5 சதவீதம்.

மூன்று, 6.76-க்குப் பதில் 1. இது விடையைக் குறைக்கும், அதுவும் பயங்கரமாக. ஏன் 1? என் ஊகம் இது: அதே சூத்திரத்தில் 6.76-ஐப் போட்டுப் பாருங்க. 83 லட்சம் 28 மடங்காகி 23 கோடியைத் தாண்டும். எந்த நீதிபதியும் அந்த எண்ணைப் பார்த்தால் ஏதோ தப்பு என்று உணர்வார். சூத்திரம் தப்பு என்பதற்குப் பதில் சதவீதத்தைக் குறைத்துச் சரிக்கட்டிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. மென்பொருளில் இதை அடிக்கடி பார்க்கலாம். விடை பெரிதாக வந்தால் லாஜிக்கைத் தொடாமல் அளவுருவைத் திருகுவது.

அப்படியானால் 1.38 கோடி தவறான தொகையா? இதுதான் சுவாரசியம். ஒவ்வொரு வருடச் செலவையும் தனித்தனியாக வைத்துச் சரியான முறையில் போட்டால், வைப்பு வட்டியைவிடப் பராமரிப்புச் செலவு வருடத்துக்குச் சுமார் 1.9 சதவீதம் வேகமாக ஏறினால்தான் இதே தொகை தேவைப்படும். வட்டி 7.5 என்றால் செலவு ஒன்பதரை சதவீதம் ஏறினாலும் 51 வருடம் தாங்கும். மருத்துவச் செலவு ஏறும் வேகத்தை நினைத்தால் இது பைத்தியக்காரத்தனமான அனுமானம் இல்லை. வழி தப்பு, போய்ச் சேர்ந்த இடம் பரவாயில்லை.

2020: பெருக்கி எண் 18

நான்காவது மருத்துவ வழக்கு இல்லை, சாலை விபத்து. ஆனால் காயம் மூளையில்தான். 2007-ல் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு விபத்தில் மூளை சிதைந்து, மனவளர்ச்சி ஒன்பது மாதக் குழந்தையின் அளவுக்குப் போய்விட்டது. தீர்ப்பாயம் கொடுத்தது சுமார் 11 லட்சம், உயர் நீதிமன்றம் 25.78 லட்சம். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 62.27 லட்சமாக உயர்த்தியது. மனம் கனிந்து எழுதப்பட்ட தீர்ப்பு. இளமை, திருமணம், வாழ்க்கை எல்லாம் போனதற்கு எந்தப் பணமும் ஈடாகாது என்ற உணர்வு அதில் தெளிவாகத் தெரிகிறது.

உதவியாளர் கணக்கை மட்டும் பார்ப்போம். உயர் நீதிமன்றம் மாதம் 2,500 வீதம் 44 வருடத்துக்கு, 13.2 லட்சம் கொடுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் ஓர் ஆள் போதாது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக இரண்டு பேர் வேண்டும் என்றது. மாதம் 10,000. சரியான திருத்தம். அதோடு, வருடங்களால் பெருக்குவது சரியான முறையில்லை, பெருக்கி எண் முறையைத்தான் பின்பற்ற வேண்டும், அதில் வட்டி, பணவீக்கம், ஆயுள் எல்லாமே அடங்கிவிடுகிறது என்றது. பெருக்கி எண் 18. விடை 21.6 லட்சம்.

44 வருடம் என்பதை 18 என்று எடுத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? வைப்பு வட்டி, உதவியாளர் சம்பள ஏற்றத்தைவிட வருடா வருடம் சுமார் 5 சதவீதம் அதிகமாக இருக்கும், நாற்பத்து நாலு வருடமும் இருக்கும் என்று அர்த்தம். எந்த வங்கி இப்படித் தருகிறது? ஆள் கூலி 8 சதவீதம் ஏறினால் 13 சதவீத வட்டி கிடைக்க வேண்டும். இல்லையென்றால் பணம் பாதி வழியில் தீர்ந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.

2009-ல் மருத்துவ வழக்கில் பெருக்கி எண் பொருந்தாது என்றார்கள். 2020-ல் விபத்து வழக்கில் அதுதான் பொருந்தும் என்றார்கள். சட்டங்கள் வேறு, சரி. ஆனால் லாரி மோதி மூளை போனவரைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவும், தவறான ஊசியால் மூளை போனவரைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவும் ஒன்றுதானே?

ஒளிந்திருக்கும் ஒரே எண்

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்போம். வருடம் 1 லட்சம் செலவு, 50 வருடத்துக்கு. இன்றைக்கு எவ்வளவு கொடுத்தால் போதும்?

2020 முறையில் சுமார் 18 லட்சம்.
2009 முறையில் 50 லட்சம்.
2015 தீர்ப்பின் தொகையில் ஒளிந்திருக்கும் விகிதத்தில் சுமார் 82 லட்சம்.

1998-ல் முறையே இல்லாததால் அதை இந்த வரிசையில் சேர்க்க வழியில்லை.

ஒரே நாடு, ஒரே நீதிமன்றம், ஒரே தேவை. விடையில் நாலரை மடங்கு வித்தியாசம். இவ்வளவுக்கும் காரணம் ஒரே எண்: வட்டிக்கும் செலவு ஏற்றத்துக்கும் உள்ள இடைவெளி. பூஜ்யமா, கழித்தல் 1.9-ஆ, கூட்டல் 5-ஆ? எந்தத் தீர்ப்பும் அந்த எண்ணைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. புரோகிராமர்கள் இதை மேஜிக் நம்பர் என்போம். விளக்கம் இல்லாமல் கோடுக்கு நடுவில் புதைந்திருக்கும் எண், முடிவை அதுதான் தீர்மானிக்கும், எழுதியவரே மறந்திருப்பார்.

இங்கிலாந்தில் இந்த எண்ணுக்குப் பெயர் உண்டு, அரசாங்கமே அதை அறிவிக்கிறது. 2001-ல் 2.5 சதவீதம் என்று வைத்தார்கள். 2017-ல் கழித்தல் 0.75 ஆக மாற்றினார்கள். பெரிய ரகளை. நம்முடைய 1 லட்சம்-50 வருட உதாரணத்தில் அந்த ஒரே மாற்றம் 28 லட்சத்தை 61 லட்சமாக்கும். காப்பீட்டு நிறுவனங்கள் கத்தின, 2019-ல் கழித்தல் 0.25, 2025 ஜனவரியில் கூட்டல் 0.5. சண்டை போட்டார்கள், ஆனால் எதைப் பற்றிச் சண்டை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நம் ஊரில் சண்டை போடவே வழியில்லை, எண் கண்ணில் படுவதில்லை.

மொத்தமாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

ஆயுளை ஊகிப்பது, வட்டியை ஊகிப்பது, கூலியை ஊகிப்பது என்ற மூன்று தலைவலிக்கும் காரணம் ஒன்று: ஒரே தவணையில் கொடுத்து முடிப்பது. குழந்தை ஐந்து வருடத்தில் இறந்தால் கொடுத்தவருக்கு நஷ்டம். எழுபது வயது வரை வாழ்ந்தால் குடும்பத்துக்கு நஷ்டம்.

இங்கிலாந்தில் 2005 முதல் நீதிபதியே வருடாந்திரத் தவணையாகக் கொடுக்க உத்தரவிடலாம். பெரிய மூளைக் காய வழக்குகளில் இந்தத் தவணை பராமரிப்பாளர்களின் சம்பளக் குறியீட்டோடு இணைக்கப்படுகிறது. ஆள் கூலி ஏறினால் தவணையும் ஏறும். ஜப்பான் இன்னொரு வழியில் போனது. பிரசவத்தோடு தொடர்புடைய கடுமையான மூளை முடக்குவாதத்துக்கு 2009 ஜனவரி முதல் ஒரு திட்டம். டாக்டர் தவறு செய்தாரா என்று நிரூபிக்கவே வேண்டாம். மொத்தம் 3 கோடி யென்: முதலில் 60 லட்சம், பிறகு வருடம் 12 லட்சம் வீதம் இருபது வருடம். கூடவே ஒவ்வொரு கேஸிலும் என்ன நடந்தது என்று நிபுணர்கள் ஆராய்ந்து அறிக்கை தருகிறார்கள், அடுத்த பிரசவத்தில் அது நடக்காமல் இருப்பதற்காக. எனக்கு இந்தக் கடைசி அம்சம்தான் முக்கியமாகப் படுகிறது. நம் நீதிமன்ற முறையில் தொகை எவ்வளவு பெரிதானாலும், அந்த லேபர் வார்டில் என்ன மாறியது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. இழப்பீட்டைக் கூட்டிக்கொண்டே போனால் டாக்டர்கள் பயந்து கடினமான கேஸ்களைத் தொடமாட்டார்கள், தேவையில்லாத ஸ்கேன் எழுதுவார்கள், காப்பீட்டு பிரீமியம் நோயாளியின் பில்லில்தான் வந்து நிற்கும். 29 வாரக் குழந்தையைக் காப்பாற்றிக் கொடுத்த அதே மருத்துவமனைதான் 1.8 கோடி வழக்கையும் சந்தித்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் இந்த வாதம் 'தவறு' எது என்ற கேள்விக்குப் பொருந்தும். தவறு நிரூபணமான பிறகு பராமரிப்புச் செலவைத் தப்பாகக் கணக்கிடுவதற்கு அது காரணமாகாது. தவணை முறையில் மருத்துவமனைக்கும் நன்மைதான்: தேவை இருக்கும் வரை மட்டும் கொடுத்தால் போதும்.

வல்லம் வடகாலில் இருந்து பார்த்தால்

இது யாருக்கோ டெல்லியில் நடக்கும் விஷயமில்லை. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில், வல்லம் வடகால் சிப்காட்டில், 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். இவர்களில் ஒருவருக்குப் பிரசவத்திலோ சாதாரண அறுவையிலோ ஏதாவது ஆனால் மேலே சொன்ன கணக்கு எப்படிப் பொருந்தும்?

முதலில் இ.எஸ்.ஐ. சம்பளம் 21,000 வரை இருப்பவர்கள் அதில் வருவார்கள். "இ.எஸ்.ஐ.-யில் இலவசமாத்தானே பார்க்கறாங்க, அங்க போய் என்ன கேஸ் போடறது" என்ற பேச்சு சகஜம். தப்பு. 1995-ல் வந்த இந்திய மருத்துவச் சங்க வழக்கு, எல்லோருக்கும் முழுக்க இலவசமான சேவையைத்தான் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே வைத்தது. (அதற்கு முன் சென்னை உயர் நீதிமன்றம் டாக்டர்கள் தரும் சிகிச்சையே நுகர்வோர் சட்டத்தில் வராது என்று சொல்லியிருந்தது, அந்த வழக்கில்தான் அது மாறியது.) 2007-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: தொழிலாளி சம்பளத்தில் இருந்து சந்தா போகிறது, அதனால் இ.எஸ்.ஐ. சிகிச்சை இலவசம் இல்லை, அவர் நுகர்வோர்தான். பே-ஸ்லிப்பில் மாதா மாதம் பிடிக்கும் அந்த 0.75 சதவீதத்துக்கு இப்படியும் ஒரு மதிப்பு உண்டு.

இரண்டாவது, இடம். 2019 சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். மருத்துவமனை சென்னையில் இருந்தாலும் ஒரகடத்தில் வேலை பார்ப்பவர் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே போடலாம். சொந்த ஊர் திரும்பிய ஒடிசாக்காரர் அங்கிருந்தே போடலாம். இது நல்ல மாற்றம். கெட்ட மாற்றம் இன்னொன்று: எந்த ஆணையம் என்பதை இப்போது கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, மருத்துவமனைக்குக் கட்டிய தொகை தீர்மானிக்கிறது. கட்டியது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். ஆக 2 கோடி கேட்கும் மூளைக் காய வழக்கும் கீழ்ப்படியில் ஆரம்பித்து மாநிலம், தேசியம், உச்ச நீதிமன்றம் என்று ஏற வேண்டியிருக்கும். நிம்ஸ் வழக்கிலும் எழும்பூர் வழக்கிலும் சம்பவத்தில் இருந்து இறுதித் தீர்ப்புக்கு 19 வருடம் ஆனது. அப்போது படிகள் குறைவு.

மூன்றாவது, வருமானம். 2013-ல் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றுக்கு எதிரான வழக்கில் 5.96 கோடி கிடைத்ததற்கு முக்கியக் காரணம் இறந்தவர் அமெரிக்காவில் வாழ்ந்தவர் என்பது. அசெம்பிளி லைனில் நிற்பவரின் வருமான இழப்பு அதில் சிறு பங்குகூட வராது. அதனால்தான் பராமரிப்புக் கணக்கு இவர்களுக்கு உயிர்நாடி. ஆள் கூலி, டயாப்பர், பிசியோதெரபி எல்லாம் சம்பளம் பார்த்து வருவதில்லை.

நான்காவது, பணம் இருந்தும் எடுக்க முடியாத நிலை. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குப் பாதுகாவலர் நியமிக்க 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. கோமாவில் இருக்கும் பெரியவருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. கணவரின் கணக்கில் பணம் இருக்கும், மனைவியால் தொட முடியாது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, கோமாவில் இருந்தவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, சிகிச்சைக்காகச் சொத்தை விற்க அனுமதித்தது. சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்ன தனி நீதிபதியின் உத்தரவை ரத்து செய்துவிட்டு. நல்ல உத்தரவு. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் ரிட் மனுப் போட்டுத்தான் இதைப் பெற வேண்டும் என்றால் அது தீர்வில்லை.

என்ன கேட்கலாம்?

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு விஷயம் இருக்கிறது. வக்கீல் மனுத் தாக்கல் செய்யும்போதே, "நியாயமான இழப்பீடாக ஒரு கோடி" என்று எழுதுவதற்குப் பதில் மூன்று எண்களைத் தனித்தனியாகக் கொடுக்கட்டும். ஒன்று, இன்றைய மாதச் செலவு, உள்ளூர் ஹோம் நர்சிங் ரசீதோடு. இரண்டு, எத்தனை வருடம், நரம்பியல் டாக்டரின் கருத்தோடு. மூன்று, வட்டிக்கும் செலவு ஏற்றத்துக்குமான இடைவெளி, வங்கி வட்டியும் குறைந்தபட்சக் கூலி அரசாணைகளும் காட்டும் கணக்கோடு. மூன்றையும் வைத்தால் எதிர்த்தரப்பு மூன்றையும் மறுக்க வேண்டியிருக்கும், ஆணையமும் மூன்றுக்கும் பதில் எழுத வேண்டியிருக்கும். மேல்முறையீட்டில் எது தப்பு என்று சுட்டிக்காட்ட முடியும்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியதும் உண்டு. நோயாளியோ அவர் சார்பிலோ கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 முதல் உள்ள மருத்துவக் கவுன்சில் விதி. எழுத்தில் கேளுங்க, கேட்ட கடிதத்துக்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்க. வழக்குப் போட இரண்டு வருடம்தான் காலக்கெடு. ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு வருடம் எப்படிப் போகும் என்றே தெரியாது. முதல் நாளில் இருந்து செலவுக்கு ஒரு நோட்டுப் போடுங்க. ஆட்டோ கூலி முதல் டயாப்பர் வரை, லீவு போட்ட நாள்கள் உட்பட. எழும்பூர் வழக்கில் 42,87,921 என்று கடைசி ரூபாய் வரை ஒரு தொகை நிற்கிறது பாருங்க. 1998-ன் 12.5 லட்சத்துக்குப் பின்னால் அப்படி ஒரு எண் இல்லை.

மேலே உள்ள கணக்கு எல்லாமே எக்ஸெல்லில் பத்து நிமிட வேலை. வருடச் செலவு, வருடங்கள், இடைவெளி என்று மூன்று கட்டம் போதும். போட்டுப் பாருங்க. இடைவெளிக் கட்டத்தில் 5-ஐ எடுத்துவிட்டு 0 போட்டதும் தொகை எப்படிக் குதிக்கிறது என்பதைப் பார்த்தாலே இந்தக் கட்டுரை சொல்ல வந்தது புரிந்துவிடும்.